சுழல் காற்றுக்குப் பெயர் வைத்தவர்
ஹென்றி பிடிங்டன் (1797 – 1858)



சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போனால், வழியில் மரக்காணம் வரும். விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள ஊர். சாலையோரம் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை உப்பளங்கள். சதுரம் சதுரமாகப் பாத்திகள், வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். மழைக்காலம் நெருங்கினால் அந்தக் குவியல்களைப் பனையோலை கொண்டு மூடி வைப்பார்கள்.

மரக்காணம் மக்களுக்குப் புயல் புதிதல்ல. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. 2020 நவம்பர் 25-ஆம் தேதி நள்ளிரவில் 'நிவர்' புயல் புதுச்சேரி அருகே, மரக்காணத்துக்குத் தெற்கே கரையேறியது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு 'பெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. உப்பளங்கள் எல்லாம் ஏரி போல ஆயின.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் புயல்கள் வருவதற்குப் பல நாள் முன்பே நமக்குத் தெரிந்துவிட்டது. எந்தப் பக்கம் போகிறது, எப்போது கரையைத் தொடும் என்றெல்லாம் வானொலியும் தொலைக்காட்சியும் சொல்லிக்கொண்டே இருந்தன. நிவர் புயலின்போது தமிழகத்தில் லட்சக்கணக்கான மக்கள் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள்.

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் இந்த வசதி எதுவும் கிடையாது. புயல் என்றால் என்ன, அது நேராக ஓடுமா, சுற்றிச் சுழலுமா என்பதே சரியாகத் தெரியாது. வங்கக் கடல் புயலின் குணத்தைக் கண்டறிய இருபது ஆண்டுகள் உழைத்தவர் ஒரு மாலுமி. அவர்தான் ஹென்றி பிடிங்டன். ஆங்கிலத்தில் புயலைக் குறிக்கும் 'சைக்ளோன்' என்ற சொல்லை உருவாக்கியவரும் அவரே!

கப்பலில் தொடங்கிய வாழ்க்கை

இங்கிலாந்து நாட்டின் தெற்கே சசெக்ஸ் என்ற பகுதி இருக்கிறது. அங்கே அக்ஃபீல்டு என்ற சிற்றூரில் 1797-ஆம் ஆண்டு பிடிங்டன் பிறந்தார். வளர்ந்ததும் வணிகக் கப்பல்களில் வேலைக்குச் சேர்ந்தார். கீழ்த்திசைக் கடல்களில் பல ஆண்டுகள் பயணம் செய்தார். கப்பல் தலைவராகவும் உயர்ந்தார்.

அந்தக் காலக் கப்பல்களுக்கு எந்திரம் கிடையாது. பாய்மரம்தான். காற்று அடித்தால் கப்பல் ஓடும். காற்று நின்றால் கப்பலும் நிற்கும். காற்று வெறி பிடித்து வீசினால் பாய் கிழியும், மரம் முறியும், கப்பல் கவிழும்.

நம் கடற்கரையில் கப்பல்களுக்கு ஒதுங்க இடமும் இல்லை. இன்று சென்னையில் பெரிய துறைமுகம் இருக்கிறது. அன்று அது இல்லை. கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். 1761-ஆம் ஆண்டின் புத்தாண்டு நாளில் என்ன நடந்தது தெரியுமா? பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து புதுச்சேரியைப் பிடிக்க ஆங்கிலேயரின் போர்க்கப்பல்கள் கடலில் முற்றுகையிட்டு நின்றன. அப்போது வந்த புயலில் பல கப்பல்கள் மூழ்கின. சில கரையில் மோதி உடைந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் ஒரே இரவில் மாண்டார்கள். பீரங்கிகள் நிறைந்த கப்பல்களும் காற்றின் முன்னால் நிற்க முடியவில்லை.

கடல் வாழ்க்கையை விட்ட பிறகு பிடிங்டன் கல்கத்தாவில் குடியேறினார். சும்மா இருப்பது அவருக்குப் பிடிக்காது. செடிகொடிகளைப் பற்றிப் படித்தார். இந்தியத் தாவரங்களின் பெயர் அகராதி ஒன்றை 1832-இல் வெளியிட்டார். மண்ணையும் கனிமங்களையும் ஆராய்ந்தார். பின்னாளில் கல்கத்தாவில் இருந்த பொருளாதார நிலவியல் அருங்காட்சியகத்தின் காப்பாளராகவும் ஆனார். ஆனால் அவர் மனம் கடலை விட்டு அகலவே இல்லை.

விழுந்த மரங்கள் சொன்ன செய்தி

இங்கே கொஞ்சம் அமெரிக்காவுக்குப் போய் வருவோம்.

1821-இல் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு பெரும்புயல் வீசியது. அதன்பின் வில்லியம் ரெட்ஃபீல்டு என்பவர் அந்தப் பகுதி வழியாகப் பயணம் செய்தார். ஓரிடத்தில் மரங்கள் எல்லாம் ஒரு திசையில் தலைவைத்து விழுந்து கிடந்தன. இன்னும் தள்ளிப் போனால், அதே புயலில் விழுந்த மரங்கள் நேர் எதிர்த்திசையில் கிடந்தன! காற்று நேராக ஓடியிருந்தால் இப்படி விழாது. காற்று வட்டமாகச் சுழன்றிருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

வில்லியம் ரீடு என்ற பிரிட்டிஷ் பொறியாளர் இதை மேலும் ஆராய்ந்து, 1838-இல் புயல்களின் விதியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அந்த நூல் கல்கத்தாவுக்கு வந்தது. பிடிங்டன் அதைப் படித்தார். அப்போது அவருக்கு 40 வயதுக்கு மேல் ஆகிவிட்டது. மற்றவர்கள் ஓய்வைப் பற்றி நினைக்கும் வயதில் அவர் புதிய பாடம் ஒன்றைத் தொடங்கினார். அமெரிக்கப் புயல் சுழல்கிறது, சரி. நம் வங்கக் கடல் புயலும் சுழல்கிறதா? இதுதான் அவர் எழுப்பிய கேள்வி.

துண்டுத் துண்டாகச் சேர்த்த புயல்

செயற்கைக்கோள் இல்லை. ரேடார் இல்லை. தந்தி வசதியும் அப்போது வரவில்லை. பிறகு எப்படி ஆராய்வது?

ஒவ்வொரு கப்பலிலும் தினசரிக் குறிப்பேடு ஒன்று இருக்கும். கப்பல் எந்த இடத்தில் இருக்கிறது, காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது, காற்றழுத்தமானி என்ன காட்டுகிறது என்று அதில் எழுதி வைப்பார்கள். புயலில் தப்பி வந்த கப்பல்களின் குறிப்பேடுகளைப் பிடிங்டன் கேட்டு வாங்கினார். துறைமுக அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். கரையோர ஊர்களில் இருந்தவர்களிடமும் விவரம் கேட்டார்.

பிறகு ஒரு பெரிய கடல் வரைபடத்தை விரித்தார். ஒவ்வொரு கப்பலும் இருந்த இடத்தில் ஒரு புள்ளி. அங்கே காற்று வீசிய திசையில் ஒரு அம்புக்குறி. இப்படிக் குறித்துக்கொண்டே போனார். அம்புக்குறிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றபோது ஒரு வட்டம் தெரிந்தது! வங்கக் கடல் புயலும் சுழல்கிறது. அதுவும் கடிகார முள் செல்லும் திசைக்கு எதிராகச் சுழல்கிறது.

1839 ஜூன் மாதம் வங்கக் கடலில் வீசிய புயலைப் பற்றி முதல் ஆய்வுக் கட்டுரையை எழுதினார். அதே ஆண்டு நவம்பரில் இன்றைய ஆந்திர மாநிலத்தில் உள்ள கோரங்கித் துறைமுகத்தைப் புயல் அழித்தது. அதையும் ஆராய்ந்தார். கல்கத்தா ஆசியக் கழகத்தின் இதழில் அவர் கட்டுரைகள் ஆண்டுதோறும் வந்தன. கப்பல் விபத்துகளை விசாரிக்கும் கடல்சார் நீதிமன்றத்துக்கு அவர் தலைவராகவும் இருந்தார். அதனால் ஒவ்வொரு கப்பலும் எப்படி மூழ்கியது, எந்தத் தவறால் மூழ்கியது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

செக்குமாடு போலச் சுற்றிய கப்பல்

அவர் ஆராய்ந்தவற்றுள் மிகவும் வேடிக்கையானது 'சார்லஸ் ஹெடில்' என்ற கப்பலின் கதை.

1845 பிப்ரவரியில் அந்தக் கப்பல் மொரீஷியஸ் தீவுக்கு அருகே புயலில் சிக்கியது. கப்பல் தலைவர் காற்று போகும் திசையிலேயே கப்பலைச் செலுத்தினார். காற்றோடு ஓடினால் தப்பிவிடலாம் என்பது அவர் எண்ணம். ஐந்து நாள் ஓடினார். ஆனால் காற்று வட்டமாக அல்லவா சுழல்கிறது! கப்பலும் புயலின் மையத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. செக்குமாடு போல ஐந்து முறை சுற்றியது! ஆயிரம் மைலுக்கு மேல் ஓடியும், கடைசியில் புறப்பட்ட இடத்திலிருந்து அதிக தூரம் போகவில்லை.

நல்லவேளையாக அந்தக் கப்பல் பிழைத்தது. அதன் குறிப்பேடு பிடிங்டன் கைக்கு வந்தது. காற்று சுழல்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? பூமியின் தென்பாதியில் இருப்பதால் அங்கே புயல் கடிகார முள் செல்லும் திசையிலேயே சுழலும். கப்பலும் அப்படியே சுற்றியிருந்தது.

மாலுமிகளின் அரிச்சுவடி

கண்டுபிடித்ததை அறிஞர்களுக்கு மட்டும் சொன்னால் போதுமா? புயலில் சாகிறவர்கள் மாலுமிகள் அல்லவா? அவர்களில் பலர் அதிகம் படிக்காதவர்கள். அவர்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும் என்று பிடிங்டன் நினைத்தார்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்துக் குழந்தைகள் எழுத்துப் படிக்க ஒரு சிறு பலகை வைத்திருப்பார்கள். அதன்மேல் எழுத்துகள் உள்ள தாளை ஒட்டி, கிழியாமல் இருக்க மாட்டுக் கொம்பை மெல்லிய தகடாகச் சீவி மூடியிருப்பார்கள். அதற்குக் கொம்புப் புத்தகம் என்று பெயர். நம் ஊர் அரிச்சுவடி மாதிரி. பிடிங்டன் தம் நூலுக்கு 'மாலுமியின் கொம்புப் புத்தகம்' என்றே பெயர் வைத்தார். அது 1848-இல் வெளிவந்தது.

நூலோடு கூடவே ஒளி ஊடுருவும் கொம்புத் தகடுகளையும் கொடுத்தார். அந்தத் தகட்டில் வட்டங்களும், காற்றின் திசையைக் காட்டும் அம்புக்குறிகளும் அச்சிடப்பட்டிருக்கும். மாலுமி அதைக் கடல் வரைபடத்தின் மேல் வைக்க வேண்டும். தன் கப்பல் இருக்கும் இடத்தில் இப்போது வீசும் காற்றின் அம்புக்குறி பொருந்தும்படி நகர்த்த வேண்டும். அப்போது தகட்டின் நடுப்புள்ளி எங்கே நிற்கிறதோ, அதுதான் புயலின் மையம். அதை விட்டு விலகிப் போனால் உயிர் பிழைக்கலாம். கணக்கு வேண்டாம், பெரிய படிப்பு வேண்டாம். எவ்வளவு எளிய வழி பாருங்கள்!

அந்த நூலில்தான் 'சைக்ளோன்' என்ற புதிய பெயரையும் வைத்தார். கிரேக்க மொழியில் வட்டத்தையும், சுருண்டு கிடக்கும் பாம்பின் சுருளையும் குறிக்கும் சொல்லிலிருந்து அதை எடுத்தார். அதற்கு முன் ஒவ்வொரு கடலிலும் ஒவ்வொரு பெயர் இருந்தது. எந்தப் பெயரும் காற்று சுழல்கிறது என்பதைச் சொல்லவில்லை. பெயரைக் கேட்டவுடனேயே மாலுமிக்குச் சுழற்சி நினைவுக்கு வர வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம்.

1852-இல் புயலைப் பற்றி உரையாடல் வடிவில் இன்னொரு நூலும் எழுதினார். அதுவும் சாதாரண மாலுமிகளுக்காகவே எழுதப்பட்டது.

கேட்காமல் விட்ட எச்சரிக்கை

புயலில் காற்றைவிடக் கொடியது ஒன்று உண்டு. அது கடல்நீர். புயல் கடல்நீரைச் சுவர் போலத் தள்ளிக்கொண்டு வந்து கரையில் ஏற்றிவிடும். வங்காளக் கரையிலும் கோரங்கியிலும் இப்படி மாண்டவர்கள் ஏராளம். பிடிங்டன் இதைப் 'புயல் அலை' என்று அழைத்தார். இதைப் பற்றி ஊரெல்லாம் எச்சரிக்கை செய்தார்.

1853-இல் அவருக்கு ஒரு சோதனை வந்தது. கல்கத்தாவின் ஹூக்ளி ஆற்றில் மண் படிந்துகொண்டே வந்தது. பெரிய கப்பல்கள் வருவது கடினமாகிவிடும் என்று ஆங்கிலேயர்கள் அஞ்சினார்கள். அதனால் சுந்தரவனக் காட்டுப் பகுதியில் மாட்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் கட்டத் திட்டமிட்டார்கள்.

பிடிங்டன் பதறினார். அது தாழ்வான இடம். வங்கக் கடலுக்கு நேரே வாயைத் திறந்து வைத்திருக்கும் ஆறு. என்றாவது ஒருநாள் புயல் அலை வந்து துறைமுகம் முழுவதையும் மூழ்கடிக்கும் என்று அவர் கணித்தார். அப்போது இந்தியாவை ஆண்டவர் தலைமை ஆளுநர் டல்ஹவுசி பிரபு. அவருக்கே நேரடியாக ஒரு நீண்ட கடிதம் எழுதி, அதை அச்சிட்டும் வெளியிட்டார்.

அரசாங்கம் கேட்கவில்லை. புதிய துறைமுகம் கட்டும் வேலை நடந்தது. ரயில் பாதையும் போட்டார்கள். டல்ஹவுசிக்குப் பின் வந்த கானிங் பிரபுவின் பெயரால் அதற்குக் கானிங் துறைமுகம் என்று பெயர் வைத்தார்கள்.

பிடிங்டன் 1858-இல் காலமானார். அவர் சொன்னது நடந்ததா இல்லையா என்று பார்க்க அவர் உயிரோடு இல்லை.

1867 நவம்பர் 1-ஆம் தேதி புயல் வந்தது. சுமார் ஆறு அடி உயரத்துக்குக் கடல்நீர் ஏறியது. துறைமுகக் கட்டடங்களும் ரயில் நிலையமும் சிதைந்தன. 1872-இல் அந்தத் துறைமுகத்தையே கைவிட்டார்கள். பெரும்பொருள் செலவழித்துக் கட்டியது பத்து ஆண்டுகூட நிலைக்கவில்லை. கானிங் இன்றும் ஒரு ரயில் நிலையமாக, சிறு நகரமாக இருக்கிறது. துறைமுகம் மட்டும் இல்லை.

அவருக்குப் பின்

கானிங் அழிவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1864 அக்டோபர் 5-ஆம் தேதி, கல்கத்தாவை ஒரு பயங்கரப் புயல் தாக்கியது. சுமார் 60,000 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அரசு விழித்துக்கொண்டது. 1865-இல் கல்கத்தாத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை தரும் முறை தொடங்கியது. 1875-இல் இந்திய வானிலைத் துறை ஏற்பட்டது. ஹென்றி பிளான்ஃபோர்டு அதன் முதல் தலைவரானார். 1886-இல் இந்தியத் துறைமுகங்கள் அனைத்துக்கும் எச்சரிக்கை முறை விரிந்தது.

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்று செய்தியில் கேட்கிறீர்கள் அல்லவா? அந்தப் பழக்கம் இப்படித்தான் வந்தது. 1, 2 எண்கள் தொலைவில் புயல் சின்னம் இருப்பதைச் சொல்லும். எண் கூடக்கூட ஆபத்தும் கூடும். 8, 9, 10 என்றால் பெரும் ஆபத்து. 11-ஆம் எண் என்றால் வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

பிடிங்டன் சொன்ன எல்லாமே முழுக்கச் சரி என்று சொல்ல முடியாது. அவர் தம் தகட்டில் காற்றை வட்டமாகவே வரைந்தார். உண்மையில் அது உள்நோக்கிச் சுருண்டுகொண்டே போகிறது என்று பிறகு தெரிந்தது. அறிவியல் இப்படித்தான் வளரும். ஒருவர் போட்ட பாதையில் அடுத்தவர் நடந்து, அதைச் செப்பனிடுவார்.

நமக்கு அவர் தந்த பாடம்

நம் தமிழில் காற்றுக்குத் திசைதோறும் பெயர் உண்டு. வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது தென்றல். மேற்கிலிருந்து வருவது கோடை. மரக்காணம் மீனவத் தாத்தாக்களைக் கேட்டால் காற்றின் குணத்தை முகத்தில் பட்டதுமே சொல்வார்கள். பிடிங்டன் கற்றுத் தந்ததையும் இதோடு சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

* புயல் நேரத்தில் காற்று வரும் திசையைப் பார்த்து நின்றால், நம் வலப்பக்கம், சற்றே பின்புறமாகப் புயலின் மையம் இருக்கும். காற்று வடக்கிலிருந்து வந்தால் மையம் கிழக்கே, கடலில் இருக்கிறது என்று பொருள். அதே காற்று கிழக்கிலிருந்து வீசத் தொடங்கினால், மையம் நமக்குத் தெற்கே கடந்து போகிறது. மேற்கிலிருந்து வீசினால் வடக்கே போகிறது. இதை ஜன்னல் வழியாகப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அதற்காக வெளியே ஓடக் கூடாது!

* நம் கடற்கரையில், புயல் கரையேறும் இடத்துக்கு வடக்கே உள்ள ஊர்களில்தான் கடல்நீர் அதிகமாக ஏறும். அங்கே காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசுவதே காரணம். எனவே, புயல் நம் ஊருக்குத் தெற்கே போகிறது என்று அலட்சியமாக இருக்கக் கூடாது.

* கொட்டும் மழையும் காற்றும் திடீரென்று நின்று அமைதியானால், புயல் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று வரும். அதிகாரிகள் சொல்லும் வரை வெளியே வராதீர்கள்.

* முகாமுக்குப் போகச் சொன்னால், உடனே புறப்பட வேண்டும். வீட்டு ஆவணங்கள், பள்ளிச் சான்றிதழ்கள், மருந்து, டார்ச் விளக்கு, குடிநீர் ஆகியவற்றை ஒரு பையில் முன்பே எடுத்து வைக்கலாம். ஆடு மாடுகளை அவிழ்த்து மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

* உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1070. இரண்டையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

செய்து பாருங்கள்!

ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் ஒன்றை எடுங்கள். ஒரு நடுப்புள்ளி வைத்து, அதைச் சுற்றி மூன்று வட்டங்கள் வரையுங்கள். ஒவ்வொரு வட்டத்திலும், கடிகார முள் செல்லும் திசைக்கு எதிராகச் செல்லும் அம்புக்குறிகளைப் போடுங்கள். உங்கள் பிடிங்டன் தகடு தயார்!

இனி அட்லஸில் வங்கக் கடல் படத்தை விரியுங்கள். புதுச்சேரிக்கு வடக்கே சுமார் 35 கி.மீ. தொலைவில், கரையோரமாக மரக்காணத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள். அடுத்த புயல் செய்தி வரும்போது, மையம் இருப்பதாக வானொலி சொல்லும் இடத்தில் நடுப்புள்ளியை வைத்துப் பாருங்கள். மரக்காணத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து வீசும் என்று உங்களுக்கே தெரியும். அப்பா, அம்மாவிடமும் காட்டிச் சொல்லுங்கள்.

எச்சரிக்கை சொல்வது பாதி வேலைதான். அதைக் கேட்டு நடப்பது மீதிப் பாதி. பிடிங்டன் தம் பாதியைச் செய்துவிட்டுப் போனார். மீதி நம் கையில் இருக்கிறது.